டாக்கா 2024 இறுதிப் போட்டி: 11-11க்குப் பிறகு டாஸ் போடலாமா? எங்கள் போட்டி விதித்தாளில் என்ன எழுதுவது?

கார்னர்கொடி (கேள்வி):

எங்கள் மாவட்டத்தில் 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு 8 அணிகள் ஆடும் கால்பந்துப் போட்டி நடத்துகிறோம். விதித்தாள் எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. நாக் அவுட் ஆட்டம் சமனில் முடிந்தால் எக்ஸ்ட்ரா டைம் கிடையாது, நேராக ஷூட் அவுட் (இரு அணியும் மாறி மாறிப் பெனால்டி அடிப்பது) என்று பேசி வைத்திருக்கிறோம்.

குழுவில் ஒருவர் 2024 பிப்ரவரி 8 அன்று டாக்காவில் நடந்த சாஃப் (தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பு) 19 வயதுக்குட்பட்டோர் பெண்கள் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியை எடுத்துக்காட்டி, "ஷூட் அவுட் முடியாமல் இழுத்தால் டாஸ் போட்டு முடிக்கலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடலாம்" என்கிறார். அன்று டாஸ் போட்டது எந்த விதிப்படி? அப்படி ஒரு வரி எழுதலாமா? ஷூட் அவுட்டை நடத்தும்போது வேறு எங்கெல்லாம் சிக்கல் வரும்?

விசில்சத்தம்:

எழுதாதீர்கள். எந்த விதியிலும் அதற்கு இடமில்லை, அன்றும் இல்லை.

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கமலாப்பூர் மைதானத்தில் இந்தியாவும் வங்கதேசமும் ஆடின. 8ஆவது நிமிடத்தில் ஷிபானி தேவி இந்தியாவுக்குக் கோல் அடித்தார். இன்ஜுரி டைமில், 90+3இல், சாகோரிகா சமன் செய்தார். அந்தப் போட்டியிலும் எக்ஸ்ட்ரா டைம் கிடையாது என்பதால் நேரே ஷூட் அவுட். கோல்கீப்பர்கள் உட்பட இரு பக்கமும் 11 பேரும் அடித்து முடித்தபோது 11-11. அந்த இடத்தில் நிறுத்தி, மேட்ச் கமிஷனர் டாஸ் போடச் சொன்னார். டாஸில் இந்தியா ஜெயித்தது, கொண்டாட்டமும் நடந்தது. வங்கதேச அணி ஒத்துக்கொள்ளவில்லை. கூட்டத்திலிருந்து பொருள்கள் மைதானத்துக்குள் வந்து விழுந்தன. பிறகு டாஸ் முடிவைத் திரும்பப் பெற்று ஷூட் அவுட்டைத் தொடர அழைத்தார்கள். இந்திய அணி திரும்பி வரவில்லை. கடைசியில் கூட்டுச் சாம்பியன் அறிவிப்பு.

இப்போது விதி. சர்வதேசக் கால்பந்து ஆட்ட விதிகளில் 10ஆம் விதி தெளிவாக இருக்கிறது: ஒரு ஆட்டத்தில் வெற்றியாளர் வேண்டுமென்றால் அனுமதிக்கப்பட்ட வழிகள் மூன்றுதான். வெளியூர் கோல் கணக்கு (இரண்டு ஆட்டமாக நடக்கும் மோதலில் எதிரணி மைதானத்தில் அடித்த கோலுக்கு முன்னுரிமை), தலா 15 நிமிடத்துக்கு மிகாத இரு சம பகுதிகளாக எக்ஸ்ட்ரா டைம், பெனால்டி ஷூட் அவுட். போட்டி அமைப்பாளர் இவற்றில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், சேர்த்தும் வைத்துக்கொள்ளலாம். அதனால் எக்ஸ்ட்ரா டைமைத் தவிர்ப்பது சரி. டாஸ் அந்தப் பட்டியலில் இல்லை. 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இத்தாலி சோவியத் யூனியனைத் தாண்டியது டாஸில்தான். அந்த அநியாயம் வேண்டாம் என்றுதான் 1970இல் ஷூட் அவுட்டை விதியில் சேர்த்தார்கள்.

11 பேரும் அடித்த பிறகும் சமன் என்றால் இரண்டாவது சுற்று. முதல் சுற்றில் அடித்த அதே வரிசை வேண்டியதில்லை, அணி மாற்றிக்கொள்ளலாம். ஒரே எண்ணிக்கை உதைகளுக்குப் பிறகு ஒரு அணி ஒரு கோல் முந்தும்வரை போய்க்கொண்டே இருக்கும். மேல்வரம்பு கிடையாது.

மைதானமூலை:

விசில்சத்தம் சொன்னதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த ஷூட் அவுட்டில் 22 உதை, 22ம் கோல். 19 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், இறுதிப் போட்டி, கத்தும் கூட்டம். பேச வேண்டியது அதைத்தான். ஒரு நிர்வாகத் தவறு அதை மூடிவிட்டது என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

ஆனால் ஒரு மாற்றுக் கருத்தும் உண்டு. லீக் சுற்றில் வங்கதேசம் இந்தியாவை 1-0 என்று ஜெயித்திருந்தது. விளையாட்டு தொடர முடியாத நிலையில் லீக் வரிசைப்படி கோப்பையை அவர்களுக்குக் கொடுத்திருக்கலாமே?

விசில்சத்தம்:

லீக் வரிசை, இறுதிப் போட்டிக்கு வரும் இரண்டு அணிகளை எடுப்பதற்கு. அதை வெற்றியாளரைத் தீர்மானிக்கவும் பயன்படுத்த வேண்டுமென்றால் முதல் ஆட்டத்துக்கு முன்பே விதித்தாளில் எழுதியிருக்க வேண்டும். இறுதிப் போட்டி முடிந்த பிறகு புதிதாக ஒரு அளவுகோலைக் கொண்டுவந்தால் அதுவும் டாஸ் மாதிரிதான். தவறு அமைப்பாளர் பக்கம் நடந்தபின் எந்த அணியையும் தண்டிக்காமல் விட்டதில், கூட்டுச் சாம்பியன் என்பதே இருந்தவற்றில் நியாயமான முடிவு என்று நினைக்கிறேன்.

இரண்டாவது பாடம், யார் முடிவு செய்வது என்பது. 5ஆம் விதிப்படி ஆட்ட விதிகளை அமல்படுத்தும் முழு அதிகாரம் நடுவருக்கு. மேட்ச் கமிஷனர் ஏற்பாடு, பாதுகாப்பு, அறிக்கை ஆகியவற்றைப் பார்ப்பவர். ஷூட் அவுட் எப்போது முடிகிறது என்பது ஆட்ட விதி, எனவே நடுவரின் வேலை. உங்கள் விதித்தாளில் இதை ஒரு தனி வரியாகவே போடுங்கள்.

நாலாம்_நடுவர்:

நடத்தும் விதத்துக்கு வருகிறேன், தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் முளைக்கும்.

டாஸ் இரண்டு முறை உண்டு, அதுவும் தொடங்குவதற்கு முன்புதான். முதலாவது எந்தக் கோல் பக்கம் அடிப்பது என்பதற்கு. தரையோ பாதுகாப்போ காரணமாக இருந்தால் நடுவரே பக்கத்தை முடிவு செய்யலாம். இரண்டாவது டாஸில் ஜெயித்தவர் முதலில் அடிப்பதா பிறகு அடிப்பதா என்று தேர்வு செய்வார். அடிப்பவர்களின் வரிசையை நடுவரிடம் எழுதிக் கொடுக்கச் சொல்லாதீர்கள், விதி அதைக் கேட்கவில்லை.

தொடர முடியாத கோல்கீப்பருக்குப் பதிலாக வருபவரைத் தவிர, ஆட்டம் முடியும்போது களத்தில் இருந்தவர்களும், காயத்துக்கோ உபகரணத்துக்கோ தற்காலிகமாக வெளியே போனவர்களும் மட்டுமே அடிக்கலாம். ஒரு பக்கம் 10, மறு பக்கம் 11 என்றால் 11 பேர் உள்ள அணி ஒருவரைக் குறைக்க வேண்டும். அவர் பெயரும் எண்ணும் நடுவரிடம் தெரிவிக்கப்பட வேண்டும். ஷூட் அவுட் நடுவில் ரெட் கார்டு விழுந்தாலும் இதே கணக்குதான். பல இடங்களில் இதை மறந்துவிட்டு, இரண்டாவது சுற்று யாரில் தொடங்குவது என்று அடித்துக்கொள்வார்கள்.

இனி பேப்பர். ஷூட் அவுட் படிவத்தில் 5 வரிசையோ 11 வரிசையோ போட்டு முடித்துவிடாதீர்கள். ஒவ்வொரு அணிக்கும் 22 வரிசை, 11க்குப் பின் தடித்த கோடு, அதன் மேல் "இரண்டாம் சுற்று" என்று அச்சிடுங்கள். கட்டம் தீர்ந்துபோனால் ஆட்டமும் தீர்ந்துபோனது என்று பதற்றத்தில் தோன்றும். உதவி நடுவர் ஒருவரும் நாலாம் நடுவரும் தனித்தனியாகக் குறிக்கட்டும். ஒவ்வொரு ஜோடி உதைக்குப் பிறகும் சட்டை எண்ணைக் கண்ணால் சரிபார்த்துக்கொள்ளட்டும். முதல் சுற்று முடியாமல் ஒரே ஆள் இரண்டாம் முறை வந்தால் அங்கேயே பிடித்துவிடலாம்.

கோடுகாவல்:

கோல்கீப்பர் விஷயத்தில் பெண்கள் ஜூனியர் ஆட்டங்களில் நிறையத் தகராறு வருகிறது. பந்தை உதைக்கும் நொடியில் கோல்கீப்பரின் ஒரு காலின் ஒரு பகுதியாவது கோல் கோட்டிலோ கோட்டுக்கு நேராகவோ பின்னாலோ இருக்க வேண்டும். முன்னால் வந்து தடுத்துவிட்டால் மறு உதை, முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவையிலிருந்து மஞ்சள் அட்டை. ஆனால் பந்து கம்பத்தில் பட்டோ வெளியிலோ போனால், அடித்தவரை கோல்கீப்பர் தெளிவாகப் பாதித்திருந்தால் மட்டுமே மறு உதை.

உதைப்பவர் வழுக்கி, பந்து இரண்டு காலிலும் பட்டால்? 2025இல் வந்த விளக்கத்தின்படி, தெரியாமல் பட்டு கோலானால் மறு உதை. கோலாகாவிட்டால் தவறிய உதையாகக் கணக்கு.

ஆட்டத்தில் வாங்கிய மஞ்சள் அட்டை ஷூட் அவுட்டுக்குள் தொடராது. ஆட்டத்தில் ஒன்று, இதில் ஒன்று என்றால் ரெட் ஆகாது. பயிற்சியாளர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

கமலாப்பூர் செயற்கைப் புல். நம் செம்மண் மைதானத்தில் பத்து உதைக்குள் பெனால்டி புள்ளி குழியாகிவிடும். புள்ளிக்குக் கொஞ்சம் மண்ணும் சுண்ணாம்புத் தூளும் பக்கத்தில் வையுங்கள். குழியை நிரப்பி மிதித்துவிட்டு 11 மீட்டரை மறுபடி டேப் பிடித்துப் பாருங்கள். ஷூட் அவுட் நடுவில் கோலை மாற்றுவதென்றால் பாதுகாப்புக்காகவோ, கோலோ தரையோ பயன்படாமல் போனாலோதான்.

மைதானமூலை:

லீக் கட்டத்துக்கும் ஒரு வார்த்தை. 2022 ஜாம்ஷெட்பூரில் 18 வயதுக்குட்பட்டோர் சாஃப் போட்டியில் இந்தியா, வங்கதேசம், நேபாளம் மூன்றே அணி, இரட்டைச் சுற்று லீக், இறுதிப் போட்டி கிடையாது. கடைசி ஆட்டத்தில் இந்தியா வங்கதேசத்திடம் 1-0 தோற்றது, ஆனாலும் சாம்பியன் இந்தியாதான். இருவருக்கும் சம புள்ளி, ஒருவரை ஒருவர் ஒரு முறை 1-0 ஜெயித்திருந்தார்கள். அதனால் நேருக்கு நேர் கணக்கும் பிரிக்கவில்லை, மொத்த கோல் வித்தியாசம்தான் பிரித்தது. நேபாளத்தை 7-0 அடித்தது அங்கே கைகொடுத்தது. நேருக்கு நேர் முதலா, கோல் வித்தியாசம் முதலா என்பதை வரிசை எண் போட்டு எழுதுங்கள். "சமமானால் குழு முடிவு செய்யும்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கார்னர்கொடி:

மிக்க நன்றி. இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"நாக் அவுட் ஆட்டம் முழு நேரத்தில் சமனானால் எக்ஸ்ட்ரா டைம் இல்லை, 10ஆம் விதிப்படி பெனால்டி ஷூட் அவுட். தகுதியுள்ள அனைவரும் அடித்த பின்னும் சமன் என்றால் வெற்றியாளர் கிடைக்கும்வரை அடுத்த சுற்றுகள் தொடரும். நாணயம் சுண்டியோ சீட்டு எடுத்தோ வெற்றியாளரைத் தீர்மானிக்கக் கூடாது. ஷூட் அவுட் தொடர்பான எல்லா முடிவும் நடுவருடையது."

விசில்சத்தம்:

நன்றாக இருக்கிறது. இன்னும் ஒரு வரி மட்டும்: வெளிச்சக் குறைவாலோ மழையாலோ கூட்டத் தொந்தரவாலோ ஷூட் அவுட் பாதியில் நின்றால் என்ன செய்வது என்பது. வெளிச்ச விளக்கு இல்லாத மைதானம் என்றால் இது கட்டாயம் வரும். "நின்ற இடத்திலிருந்து, அதே கோல் கணக்கோடு, மறுநாள் காலை 7 மணிக்குத் தொடரும்" என்று நேரத்தோடு எழுதி, முதல் நாளே எல்லா மேனேஜர்களிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இறுதிப் போட்டியை மாலை 3 மணிக்குள் தொடங்கினால் அந்த வரிக்கு வேலையே வராது.