மறுமொழி: ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சிலைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பாறையும் பள்ளமுமான தடங்களில் ஓட்டுவதற்காக டிரக்கின் அச்சையும் சஸ்பென்ஷனையும் வலுப்படுத்த நினைப்பவர்களுக்குத் தமிழில் ஒரு கையேடு வேண்டும் என்று தொடங்கிய இழை இது. ஃபுல் ஃப்ளோட்டிங், செமி ஃப்ளோட்டிங் என்ற இரண்டு அச்சு வகைகளுக்கான கலைச்சொல்லில் வந்து நின்றிருக்கிறது, நின்று பேச வேண்டிய இடமும் இதுதான். முந்தைய மடலிலிருந்து:

> ஃபுல் ஃப்ளோட்டிங் என்பதை முழுமிதவை அச்சு என்றும், செமி ஃப்ளோட்டிங் என்பதை அரைமிதவை அச்சு என்றும் வைத்துக்கொள்ளலாமே. எளிமையாக இருக்கிறது, மூலச்சொல்லோடும் ஒத்துப்போகிறது.

எளிமை உண்மைதான் ஐயா. ஆனால் கையேட்டைப் படிப்பவர் பணம் போட்டு அச்சு வாங்கப் போகிறவர். வண்டியின் எடையை எந்தப் பாகம் சுமக்கிறது, எந்தப் பாகம் முறுக்கை, அதாவது சுழற்றும் விசையை (டார்க்), மட்டும் கடத்துகிறது என்பது தெரிந்தால்தான் அவரால் சரியாக முடிவெடுக்க முடியும். மிதவை என்றால் அவருக்குத் தண்ணீரும் தெப்பமும்தான் தோன்றும். எடை எந்த வழியாகத் தரைக்குப் போகிறது என்று அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை.

முதலில் அச்சு என்ற சொல்லையே கொஞ்சம் ஒழுங்குபடுத்திக்கொள்வோம். பட்டறைப் பேச்சில் ஆக்சில் என்பது மூன்று பொருளில் வருகிறது: முழுத் தொகுப்பு, வெளியே தெரியும் இரும்புக் கூடு, உள்ளே சுழலும் தண்டு. "ஆக்சில் போயிடுச்சு" என்று ஒருவர் சொன்னால் மூன்றில் எது போனது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எழுத்தில் அந்த வசதி கிடையாது. அதனால் முழுத் தொகுப்பை அச்சு என்றும், கூட்டை அச்சுக்கூடு என்றும், எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலிலிருந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் போகும் தண்டை அரைத்தண்டு என்றும் பிரித்துவிடலாம். அச்சு நமக்குப் பழைய சொல். உப்பு வணிகர்கள் மேடு பள்ளத்தில் என்ன நேருமோ என்று வண்டிக்கு அடியில் கட்டிக்கொண்டு போன மாற்று அச்சைப் புறநானூறு 'சேம அச்சு' என்கிறது. கரட்டுத் தடத்தில் முதலில் உடையக்கூடியது எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த இழையில் இரண்டு பேர் ஆக்சிலுக்கு அச்சாணி என்று எழுதியிருந்தீர்கள். அது வேண்டாம். அச்சாணி என்பது சக்கரம் கழன்றுவிடாமல் அச்சின் நுனியில் செருகும் ஆணி.

சரி, இப்போது மிதவைக்கு வருவோம். செமி ஃப்ளோட்டிங் அமைப்பில் சக்கரம் அரைத்தண்டின் நுனித் தட்டிலேயே போல்ட் போட்டு மாட்டப்படுகிறது. அச்சுக்கூட்டின் முனையில் ஒரு பேரிங் மட்டும் தண்டைப் பிடித்திருக்கும். அதனால் அரைத்தண்டுக்கு இரண்டு வேலை: சக்கரத்தைச் சுழற்றவும் வேண்டும், அந்த மூலையின் எடையைத் தாங்கவும் வேண்டும். எடை தண்டை வளைக்கப் பார்க்கிறது. தண்டு சுழன்றுகொண்டே இருப்பதால் அதன் ஒவ்வொரு இழையும் ஒரு சுற்றுக்குள் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை அமுங்குகிறது. இப்படி லட்சக்கணக்கான சுற்றுகள் போனால் எஃகு களைத்து விரிசல் விடும். உள்முனையில் சி வடிவக் கொக்கியால் மட்டும் பிடித்துவைத்த வகையில் தண்டு முறிந்தால், முறிந்த துண்டோடு சக்கரமும் கழன்று வெளியே வந்துவிடலாம்.

ஃபுல் ஃப்ளோட்டிங் வேறு மாதிரி. அச்சுக்கூட்டின் முனையில் அசையாத குழல் ஒன்று இருக்கும். சக்கரக் குடம் (ஹப்) அதன் மேல் இரண்டு பேரிங்குகளில் உட்கார்ந்து சுழலும். எடை குடத்துக்கும் கூட்டுக்கும் இடையிலேயே முடிந்துவிடுகிறது. அரைத்தண்டு குழலுக்குள் புகுந்து குடத்தைத் திருப்புகிறது, அதன் வேலை முறுக்கு மட்டும்தான். சக்கரம் தரையில் நிற்கும்போதே போல்ட்டுகளைக் கழற்றித் தண்டை உருவி எடுத்துவிடலாம். முறிந்தாலும் சக்கரம் இடத்தை விட்டு நகராது. முன்சக்கர இயக்கம் இருந்தால் மெதுவாக ஓட்டிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். அதிகச் சுமை ஏற்றும் டிரக்குகளின் பின்னச்சுகள் பெரும்பாலும் இந்த வகையாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

என் பரிந்துரை: செமி ஃப்ளோட்டிங் வகையில் இருப்பது சுமைத்தண்டு, ஃபுல் ஃப்ளோட்டிங் வகையில் இருப்பது சுமையிலித்தண்டு. அச்சைக் குறிக்கும்போது சுமைத்தண்டு அச்சு, சுமையிலித்தண்டு அச்சு. முதுகெலும்பிலி என்று பள்ளியிலேயே படித்தவர்களுக்கு இந்த 'இலி' புதிதல்ல. தண்டு என்பதை விட்டுவிட்டு வெறுமனே சுமையிலி அச்சு என்று சுருக்கக் கூடாது. அச்சு எப்போதும் சுமக்கிறது, சுமக்காதது தண்டு மட்டும்தான். சொல் கொஞ்சம் நீளம் என்று சிலர் சொல்லக்கூடும். நீளமானாலும் கேட்டவுடன் பொருள் புரியும்.

முறுக்குத்தண்டு என்று வைத்தால் என்ன என்று தனிமடலில் ஒரு நண்பர் கேட்டிருந்தார். அழகான சொல்தான், ஆனால் டார்ஷன் பார் என்ற வில்வகைக்கு அது தேவைப்படும். ஒரே கையேட்டில் இரண்டும் வரும், மோதிக்கொள்ளும். இன்னொரு சோதனையும் செய்து பார்த்தேன். பழைய வண்டிகளில் த்ரீ குவார்ட்டர் ஃப்ளோட்டிங் என்று ஒன்று உண்டு. நேர் எடையைக் குடம் கூட்டுக்குக் கொடுத்துவிடும், ஆனால் திருப்பத்தில் வரும் பக்கவாட்டு விசை தண்டைத்தான் வளைக்கும். முக்கால்மிதவை என்றால் யாருக்கு என்ன புரியும்? குறைசுமைத்தண்டு என்றால் புரிகிறது.

> வலுவான அச்சு என்பதற்குத் தனிச்சொல் தேவையா? ஸ்ப்ளைன் எண்ணிக்கையைக் கொடுத்தால் போதாதா?

போதாது என்று நினைக்கிறேன். ஸ்ப்ளைன் என்பது தண்டின் முனையில் நீளவாக்கில் வெட்டிய பல். தண்டின் முறுக்குத் தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. டேனா நிறுவனத்தின் டேனா 60 அச்சில் 30 ஸ்ப்ளைன் தண்டு 1.31 அங்குலம், 35 ஸ்ப்ளைன் தண்டு 1.5 அங்குலம். விட்டத்தில் வித்தியாசம் கொஞ்சம்தான், ஆனால் எஃகு ஒன்றாகவே இருந்தாலும் திறன் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. இதைப் பார்த்து எண்ணிக்கை கூடினால் வலு கூடும் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் 14 போல்ட் அச்சிலும் 30 ஸ்ப்ளைன்தான், ஆனால் தண்டு 1.5 அங்குலத்துக்கு மேல். அதன் பற்கள் பெரியவை. அதனால் கையேட்டில் எப்போதும் தண்டு விட்டத்தையே முதலில் போடுவோம். ஸ்ப்ளைனுக்குத் தண்டுப்பல் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது, அதில் விவாதம் வேண்டியதில்லை. டிஃபரென்ஷியலோடு சேர்ந்த பெரிய பல்சக்கரமான கிரவுன், அதைத் திருப்பும் சிறிய பல்சக்கரமான பினியன் இரண்டும் எல்லார் வாயிலும் பழகிவிட்டன, அப்படியே இருக்கட்டும்.

பினியனைப் பற்றிக் கையேட்டில் ஒரு பத்தியாவது வர வேண்டும். 31 அங்குல டயரை 37 ஆக்கினால், பழைய இழுவையைத் திரும்பப் பெற 3.73 அச்சு விகிதத்தை (கிரவுன் ஒருமுறை சுற்றப் பினியன் எத்தனை முறை சுற்றுகிறது என்ற கணக்கு) 4.45 அளவுக்குக் கொண்டுபோக வேண்டும். கடையில் கிடைப்பது 4.56. அதே அளவு கிரவுனில் விகிதம் ஏற ஏறப் பினியன் சிறுக்கும், பல்லின் வலுவும் குறையும். டயரை மட்டும் பெரிதாக்கி அச்சை அப்படியே விடுபவர்களுக்கு முதல் அடி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒரு கணக்கு. 400 நியூட்டன் மீட்டர் எஞ்சின், முதல் கியர் 4, கரட்டுத் தடத்துக்கான கூடுதல் கியர் குறைப்பான லோ ரேஞ்ச் 2.72, அச்சு விகிதம் 4.1. உராய்வு இழப்பை விட்டுவிட்டுப் பெருக்கினால் சுமார் 17,800 நியூட்டன் மீட்டர் வருகிறது. ஆனால் 700 கிலோ எடை நிற்கும் ஒரு சக்கரம், 37 அங்குல டயர், நல்ல பிடிப்பு என்று வைத்தால் சுமார் 2,800 நியூட்டன் மீட்டரைத் தாண்டியதும் டயர் வழுக்கிவிடும். டயர் வழுக்குவதால்தான் தண்டு பிழைக்கிறது. இந்த எல்லைக்குப் பிடிப்பு வரம்பு என்று பெயர் வைப்போம். இரு சக்கரமும் ஒரே வேகத்தில் சுழலும்படி டிஃபரென்ஷியலைப் பூட்டியிருக்கும்போது ஒரு சக்கரம் இரண்டு பாறைகளுக்கு நடுவே சிக்கி வழுக்க முடியாமல் போனால், அந்த வரம்பு இல்லாமல் போகிறது, முழு முறுக்கும் ஒரே தண்டில் ஏறுகிறது. அச்சு வாங்குபவர் நினைவில் வைக்க வேண்டிய நிலைமை இது.

அடுத்து சஸ்பென்ஷன். இயந்திர மொழிபெயர்ப்பில் இது இடைநீக்கம் என்று வருகிறது, வேலையிலிருந்து நிறுத்திவைப்பது மாதிரி. தொங்கல் அமைப்பு என்பதும் பொருந்தவில்லை, ஏனென்றால் வண்டி எதிலும் தொங்குவதில்லை, வில்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வில்வண்டி என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். வில்லமைப்பு என்றே சொல்லலாம். பட்டைவில், சுருள்வில் இரண்டும் இயல்பாக அதற்குள் அடங்கிவிடும். ஷாக் அப்சார்பருக்கு அதிர்வுதாங்கி என்ற பரிந்துரையை மட்டும் மறுக்கிறேன். மேட்டில் ஏறும் அடியை வாங்குவது வில். அதற்குப் பிறகு வில் ஆடிக்கொண்டே இருப்பதை எண்ணெயின் தடையால் அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. அலைவடக்கி என்றால் சரியாக இருக்கும்.

இங்கே நாம் கட்டாயம் பிரிக்க வேண்டிய இரண்டு சொற்கள் வலிமையும் விறைப்பும். பட்டைவில்லின் தகட்டைப் பத்து சதவீதம் தடிமனாக்கினால் விறைப்பு 33 சதவீதம் கூடும். சுருள்வில்லின் கம்பியைப் பத்து சதவீதம் தடிமனாக்கினால் 46 சதவீதம் கூடும். வலுவான வில் வேண்டும் என்று கேட்பவருக்கு இப்படித்தான் விறைத்த வில் போய்ச் சேருகிறது. அப்புறம் பாறைமேல் ஒரு சக்கரம் ஏறும்போது எதிர்ச்சக்கரம் கீழே இறங்காமல் காற்றில் நிற்கும். ஒரு சக்கரம் ஏற, மற்றது இறங்கும் இந்தத் தன்மையை நெளிவு என்று சொல்லலாம். 20 டிகிரி சாய்தளத்தில் ஒரு முன்சக்கரத்தை ஏற்றி, மற்ற மூன்றும் தரையை விடாமல் எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து, அதை இரு அச்சுகளின் இடைவெளியால் வகுத்து 1000 ஆல் பெருக்குகிறார்களே, அந்த அளவுக்கு நெளிவெண் என்று பெயர் வைக்கலாம். சுமை ஏற்றும் டிரக்கில் நெளிவெண்ணைத் துரத்திக்கொண்டு போகக் கூடாது என்பது என் கருத்து. மெத்தென்ற வில்லில் சுமை ஏறினால் வண்டி அடிமுட்டி நிற்கும்.

கனமான அச்சுக்கு மாறும்போது அலைவடக்கியையும் மாற்ற வேண்டியிருப்பது ஏன் என்பதை விளக்க ஒரு சொல் குறைகிறது. வில்லுக்குக் கீழே இருக்கும் அச்சு, சக்கரம், பிரேக் எல்லாம் சேர்ந்த நிறையை வில்கீழ் நிறை என்றும், மேலே இருப்பதை வில்மேல் நிறை என்றும் சொல்லலாமா? வில்கீழ் நிறை கூடினால் சக்கரம் குதித்தபின் தரைக்குத் திரும்பத் தாமதமாகும், பழைய அலைவடக்கியால் அதை அடக்க முடியாது.

பட்டைவில் வண்டியில் முறுக்கு ஏறும்போது அச்சுக்கூடு எதிர்ப்பக்கம் திரும்பி வில்லை எஸ் வடிவத்தில் வளைப்பதற்கு அச்சுப்புரளல். மெர்சிடிஸ் பென்ஸின் யூனிமாக் டிரக்கைப் போலச் சக்கரக் குடத்தில் பல்சக்கரம் வைத்துக் கூட்டைச் சக்கர மையத்துக்கு மேலே தூக்கிய வகைக்கு மேலச்சு. இவற்றுக்கு மறுப்பு வராது என்று எதிர்பார்க்கிறேன்.

எனக்குப் பிடிபடாமல் நிற்பது முன்னச்சின் திருப்பு முனை. சக்கரம் இடமும் வலமும் திரும்பும்போது அதைத் தாங்கிநிற்கும் கிங்பின்னும் பால் ஜாயின்ட்டும் ஒரே வேலையை இரண்டு விதமாகச் செய்கின்றன. ஒன்றுக்கு முளை, மற்றதற்குக் குமிழ்மூட்டு என்று எழுதிப் பார்த்தேன், ஆனால் முளை மிகப் பொதுவான சொல். பட்டறையில் வேலை செய்யும் உறுப்பினர்கள் யாராவது இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

அன்புடன்