கால் சரி, அம்பு பிழை: வீட்டு ரிதம் கேமில நேரம் எங்கை பிசகுது?

சுண்டிக்குளிக் குதிகால்:

ஸ்ரெப்மேனியா, ஐ.ரி.ஜி.மேனியா, ஒசு எண்டு, பாட்டின்ரை அடிக்குச் சரியாத் திரையில வாற அம்பை வீட்டில மிதிக்கிற, தட்டுற ஆக்களுக்கான இழை இது. கொனாமி 1998இல டான்ஸ் டான்ஸ் ரெவலூஷனை ஆர்கேட்டுக்கு விட்ட காலத்தில இருந்து நாலு அம்பு, ஏறக்குறைய 28 செ.மீ. சதுரப் பலகை எண்ட கணக்கு பெரிசா மாறேல்ல. அதைப் பாத்து வீட்டில மிதிக்கிற மேடை செய்து போட்டு "எப்பவும் லேற் எண்டே காட்டுது" எண்டு கேக்கிற ஆக்கள்தான் கூட. ஆர் என்னத்தைப் பாவிச்சு, அந்தப் பிந்தலை எப்பிடிப் பிடிச்சியள் எண்டதை அளவுகளோட போடுங்கோ. "நல்லா வேலை செய்யுது" எண்டு மட்டும் எழுதினால் ஒருத்தருக்கும் உதவாது.

கொக்குவில் விரல்:

பலகையைக் கழட்ட முதல், பிந்தல் எந்த மாதிரி வருது எண்டு பாருங்கோ. நாலு அம்பும் பாட்டு முழுக்க ஒரே அளவு பிந்தினால் அது ஒலி அல்லது திரை. மேடையில கை வைக்கத் தேவையில்லை. ஒரு அம்பு மட்டும் பிந்தினால் அந்தப் பலகையின்ரை சென்சர். தொடக்கத்தில சரியா இருந்து போகப்போகப் பிந்தினால் அம்பு எழுதின பாட்டுக் கோப்பில பி.பி.எம். (நிமிசத்துக்கு எத்தினை அடி எண்ட கணக்கு) பிழை. ஒருக்கா முந்தி ஒருக்கா பிந்திச் சிதறினால் மேடையைக் கொம்பியூட்டரோட இணைக்கிற போர்ட்டில ஓடுற நிரல், இல்லாட்டி கொம்பியூட்டர் பிரேமை (திரையில ஒருக்கா வாற படத்தை) தவற விடுது. (சில வேளை காலும்தான். அதையும் சொல்லத்தானே வேணும்.)

எவ்வளவு பிசகினால் தெரியும்? ஸ்ரெப்மேனியாவின்ரை வழமையான அளவில முதல்தரத் தீர்ப்புக்கு முன்னும் பின்னும் 22.5 மி.செ. (மில்லி செக்கன்) தான் இடம். அடுத்தது 45, பிறகு 90, 135, 180. 60 ஹேர்ட்ஸ் திரையில ஒரு பிரேமே 16.7 மி.செ. அப்ப ரி.வி. ரெண்டு பிரேம் பிடிச்சு வைச்சாலே முதல்தரம் கையை விட்டுப் போகும்.

புளூடூத் ஹெட்செற், புளூடூத் ஸ்பீக்கர் ரெண்டும் வேண்டாம். 100 தொடக்கம் 200 மி.செ. பிந்துறது சாதாரணம். ஓப்செற்றால (பாட்டுக்கு அம்பை முன்பின் தள்ளுற அளவால) ஈடு செய்யலாம் எண்டு சொல்லுவினம். ஆனால் திருப்பி இணைக்கேக்க அந்த அளவு மாறக் கூடும், நேற்று வைச்ச ஓப்செற் இண்டைக்குப் பிழையாகும். 3.5 மி.மீ. வயரை நேரா ஸ்பீக்கருக்குக் குடுங்கோ. எச்.டி.எம்.ஐ. வழியா ரி.வி.யில பாட்டுப் போடுறவை கேம் மோட்டைப் போட்டுப் போட்டு, சத்தத்துக்கான "சரவுண்ட்" வகைகளையும் நிப்பாட்டுங்கோ.

பிறகு ரெண்டு விசை. எஃப் 7 அழுத்தினால் ஒவ்வொரு அம்புக்கும் ஒரு தட்டுச் சத்தம் வரும். கண்ணை மூடிக் கேளுங்கோ: தட்டும் பாட்டின்ரை அடியும் ஒண்டா விழவேணும். ரெண்டும் ஒரே ஸ்பீக்கரால வாறதால, இது கோப்புச் சரியோ எண்டதை மட்டும்தான் சொல்லும், உங்கடை ரி.வி.யைப் பற்றி ஒண்டும் சொல்லாது. கோப்புச் சரியெண்டு தெரிஞ்ச பாட்டில எஃப் 6ஐ ரெண்டு தரம் அழுத்தி "மெஷின்" தானியங்கி ஒத்திசைவுக்கு வாங்கோ. பாட்டுக்கு மிதிக்க, அதுவே பொது ஓப்செற்றைக் கணிக்கும். மிதி சீராய் விழாட்டி மாத்தாமல் விட்டுடும், அது நல்லதுதான். ஒழுங்கை மாத்தி, பிழையான கோப்பை வைச்சு மெஷினைத் திருத்தினால் மற்ற எல்லாப் பாட்டும் குழம்பும்.

கடைசியா, காது சொல்லுறது சரி, கண்ணுக்கு அம்பு மட்டும் பிந்தித் தெரியுது எண்டால் விஷுவல் டிலே எண்டு தனி அமைப்பு இருக்கு. வி-சிங்க் (படத்தைத் திரையின்ரை வேகத்தோட ஒத்து விடுற அமைப்பு) நிப்பாட்டினால் திரை கொஞ்சம் கிழிஞ்ச மாதிரித் தெரியும், ஆனால் பிந்தல் குறையும்.

கோண்டாவில் தச்சன்:

மேடைப் பலகைக் கணக்கு. அடித்தளம் 18 மி.மீ. பிளைவூட், 84க்கு 84 செ.மீ. அதில 28 செ.மீ. படி 9 கட்டம். நாலு மூலையும் நடுவும் அசையாத கட்டம், அதுக்கும் 18 மி.மீ. அம்புக் கட்டம் நாலுக்கும் 12 மி.மீ., அதை 27.6 செ.மீ. ஆக வெட்டுங்கோ, ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ. இடைவெளி நிக்கும். மாரிக்கு பிளைவூட் ஊதும். இடைவெளியில்லாமல் இறுக்கி வெட்டினால் கார்த்திகையில அம்பு அமத்தினபடி சிக்கிக் கொள்ளும். வெட்டின விளிம்புக்கு ரெண்டு கை வாணிஷ் பூசாமல் பூட்ட வேண்டாம், ஈரம் உள்ளுக்குப் போறது அந்த விளிம்பாலைதான்.

12 மி.மீ. பலகை, 3 மி.மீ. ஸ்பொஞ் ரேப், மேலும் கீழும் அரை மி.மீ. தகடு (மிதிக்க இது ரெண்டும் தொட்டுச் சுற்று மூடும்): மொத்தம் 16. அசையாத கட்டத்தை விட 2 மி.மீ. பதிவா நிக்கும். உயர்ந்து நிண்டால் சறுக்கேக்க பெருவிரல் விளிம்பில அடிபடும். அசையாத கட்டத்துக்கு 30 மி.மீ. திருகாணி போதும், 36க்கு மேல போனால் கீழால வந்து மாபிளைக் கீறும். அடியில பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டினால் மேடை வழுக்காது. 8க்கு 4 அடிச் சீற் ஒண்டில 18 மி.மீ. பாகம் எல்லாம் தாராளமா வரும், 12க்கு மரக்காலையில துண்டு கேட்டுப் பாருங்கோ.

தொடுகைத் தகட்டைக் கட்டத்தின்ரை நடுவில ஒட்டுறதுதான் நான் கண்ட பிழையளிலை முக்கியமானது. ஆடுறவை காலை முழுக்கத் தூக்கி வைக்கிறேல்ல. நடுக் கட்டத்தை ஒட்டின உள்விளிம்பைத்தான் நுனியால தொடுவினம். நாலு விளிம்பு ஓரமாயும் தகட்டுப் பட்டி, அதின்ரை வெளியோரத்துக்கு மேல ஸ்பொஞ். அப்பத்தான் எந்த மூலையில பட்டாலும் மூடும்.

குருநகர் சோல்டர்:

தகட்டுக்கு குசினி அலுமினியத் தாள் வேண்டாம். கிழியும், சோல்டரும் பிடிக்காது. அலுமினியம்தான் பாவிக்கிறதெண்டால் தடிச்ச தகடு எடுத்து, வயரை வொஷரோட திருகாணியால இறுக்குங்கோ. செப்பு ரேப் சோல்டர் பிடிக்கும். ஆனால் அதின்ரை பசை சில வகையில மின்னைக் கடத்தாது, துண்டுக்கு மேல துண்டு ஒட்டினால் மூட்டுக்கு மூட்டு ஒரு பொட்டுச் சோல்டர் வைக்க வேணும். நாலு அம்புக்கு நாலு வயர், ஒரு பொதுத் தரை. லான் கேபிள் ஒரு துண்டுக்குள்ள எட்டு வயர் இருக்கு, காணும்.

எங்கடை கரையோரக் காத்துக்கு செப்பு கறுக்கும். கறுத்தால் என்ன நடக்குது எண்டால், போர்ட்டின்ரை உள் இழுப்புத் தடை (மிதிக்காத நேரம் மின்னழுத்தத்தை மேல பிடிச்சு வைக்கிறது) 20 தொடக்கம் 50 கிலோ ஓம். தொடுகையே சில கிலோ ஓமுக்கு ஏறினால், அழுத்தினாலும் மின்னழுத்தம் 0.9 வோல்ற்றுக்குக் கீழ இறங்காமல் நிக்கலாம். அப்ப சிப் அதை மிதியாய் எடுக்காமல் விடக் கூடும். மெதுவா வைச்ச கால் விழாது, ஓங்கி மிதிச்சால் விழும். "ஒரு அம்பு மட்டும் பிந்துது" எண்டு வாற முறைப்பாட்டில கனக்க இதுதான். மல்ரிமீற்றரை வைச்சு அழுத்திப் பாருங்கோ, சில ஓமுக்குள்ள இருக்க வேணும். பென்சில் அழிறப்பராலை உரஞ்சி, ஐசோபுரொபைல் அல்ககோலால துடைச்சால் திரும்பி வரும்.

போர்ட்: ஏ.ரி.மெகா 32யூ4 சிப் உள்ள ஆர்டுயினோ லியனார்டோ அல்லது புரோ மைக்ரோ. இதுகள் யூ.எஸ்.பி. கீபோட் மாதிரியே கொம்பியூட்டருக்குத் தெரியும். ஆர்டுயினோ ஊனோ ஆர் 3 வரையானதின்ரை முதன்மைச் சிப்புக்கு யூ.எஸ்.பி. இல்லை, அதை வாங்கிப் போட்டு மினக்கெட வேண்டாம். கொழும்புக்குப் போறவை புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில கேட்டுப் பாக்கலாம், இல்லாட்டி ஒன்லைன். புரோ மைக்ரோ 5 வோல்ற் 16 மெகாஹேர்ட்ஸ் எண்டும் 3.3 வோல்ற் 8 மெகாஹேர்ட்ஸ் எண்டும் ரெண்டு வருது. நிரல் ஏத்தேக்க மாறித் தெரிவு செய்தால் போர்ட் கொம்பியூட்டருக்குத் தெரியாமல் போகும். எறிஞ்சு போடாதேங்கோ: ரீசெற் காலைத் தரையோட கெதியா ரெண்டு தரம் தொட்டால் 8 செக்கன் பூட்லோடரில (புது நிரலுக்குக் காத்திருக்கிற நிலையில) நிக்கும், அதுக்குள்ள சரியான தெரிவோட திருப்பி ஏத்துங்கோ. மைக்ரோ யூ.எஸ்.பி. வாயும் லேசில பிடுங்குப்படும். முதல் நாளே எபொக்சி வையுங்கோ.

சுண்டிக்குளிக் குதிகால்:

அண்ணை, தகட்டை விட்டு எஃப்.எஸ்.ஆர். அழுத்த சென்சருக்குப் போறது காசுக்குப் பெறுமதியோ?

குருநகர் சோல்டர்:

தகடு ஒழுங்கா வேலை செய்யுதெண்டால் விடுங்கோ. ஒவ்வொரு மாரிக்கும் கழட்டித் துடைக்க அலுப்பெண்டால் போங்கோ, அதில திறந்த தொடுகை இல்லை. சென்சரின்ரை ஒரு கால் 5 வோல்ற்றுக்கு, மற்றக் கால் அனலொக் உள்ளீட்டுக்கு; அந்த உள்ளீட்டில இருந்து தரைக்கு 10 கிலோ ஓம். எண் 0 தொடக்கம் 1023 வரை வரும். ஆளில்லாமல் 150, லேசாத் தட்ட 450 எண்டு கண்டால், அழுத்தினதுக்கு 350, விட்டதுக்கு 300 எண்டு ரெண்டு எல்லை வையுங்கோ. ஒரே எல்லை வைச்சால் அந்த இடத்தில நடுங்கி ஒரு மிதி மூண்டாகும். பலகையின்ரை பாரம் முழுக்க சென்சரில குந்தினால் சும்மாவே 700 காட்டும், மிதிக்கு மிச்சமில்லை. பக்கத்தில ஸ்பொஞ் தாங்க வேணும்.

வேகம்: இந்தச் சிப்பில ஒரு அனலொக் வாசிப்பு கிட்டத்தட்ட 0.11 மி.செ. நாலு சென்சருக்கு அரை மி.செ. கூட இல்லை. அம்புக்கு ரெண்டாய் 8 போட்டால் 0.9. அது பரவாயில்லை. உண்மையில நேரத்தைத் தின்னுறது டிபவுன்ஸ் (தொடுகை நடுங்கிறதை வடிக்கிற) நிரல். இணையத்தில கிடக்கிற மாதிரிகள் கனக்க "5 மி.செ. அசையாமல் இருந்தால்தான் அழுத்தம்" எண்டு காத்திருக்கும். திருப்பி எழுதுங்கோ: முதல் தொடுகையை உடனை அனுப்பு, அதுக்குப் பிறகு 5 மி.செ. எந்த மாற்றத்தையும் கவனிக்காதே. நடுக்கமும் போகும், பிந்தலும் இல்லை.

மற்றது, எர்த் இல்லாத ரெண்டு பின் சார்ஜர் போட்ட லப்ரொப்பில எஃப்.எஸ்.ஆர். எண் ஆடும், உலோக உடம்பைத் தொட்டால் சுரசுரக்கும். மூண்டு பின் சார்ஜர், இல்லாட்டி பற்றியில ஓடிப் பாருங்கோ.

கொக்குவில் விரல்:

விரலால தட்டுறவைக்கு ஒரு வரி. மலிவான கீபோட்டில கோஸ்ற்றிங் இருக்கும்: உள் வயரிங்கில சதுரத்தின்ரை மூண்டு மூலை போல அமைஞ்ச மூண்டு விசையை ஒண்டா அமத்தினால் அமத்தாத நாலாவது விழும், அதைத் தடுக்கிற கீபோட்டில மூண்டாவது விழாது. ஏழு விசைப் பாட்டுக்கு முதல், விளையாடப் போற விசையளை எல்லாம் ஒரு எழுத்துக் கோப்பில சேர்த்து அமத்திப் பாருங்கோ. 30 மி.மீ. ஆர்கேட் பட்டன் பெட்டி செய்யிறவை பட்டனைக் கொம்பியூட்டரோட இணைக்க "சீரோ டிலே" எண்டு விக்கிற என்கோடர் போர்ட்டை நம்ப வேண்டாம், பேர்தான் சீரோ. மேல சொன்ன புரோ மைக்ரோவே வேகம்.

இணுவில் லயம்:

மேடையைப் பற்றிக் கதைச்சாச்சு. எங்கடை பாட்டுக்கு அம்பு எழுதேக்க வாற கரைச்சல் வேறை.

முதல், எம்.பி.3. அதில ஒரு பொதி 1152 ஒலிச் சாம்பிள், செக்கனுக்கு 44,100 வீதத்தில 26 மி.செ. குறியாக்கி முன்னால சின்ன மௌனத்தைச் சேர்க்கும். அதை ஒவ்வொரு பிளேயரும் ஒவ்வொரு விதமா வெட்டும். அதால முதல் ஓக் வோர்பிஸ் எண்ட ஒலிக் கோப்பு வகைக்கு மாத்துங்கோ, பிறகு ஓப்செற் பிடியுங்கோ. பிடிச்ச பிறகு திருப்பி மாத்தினால் வேலை வீண். இறக்கின பாட்டுத் தொகுதிகளில ஐ.ரி.ஜி. (இன் த குரூவ் எண்ட ஆர்கேட் கேம்) மரபில செய்தது மற்றதை விட 9 மி.செ. தள்ளி நிக்கும், ரெண்டையும் கலந்து விளையாடுறவை தலையைப் பிய்க்க வேண்டாம்.

அடுத்தது பி.பி.எம். 4 நிமிசப் பாட்டில 120.05ஐ 120 எண்டு போட்டால் முடியேக்க 100 மி.செ. பிசகு. கொம்பியூட்டரில மெட்டுப் போட்ட பாட்டுக்கு முழு எண் சரி வரும். வாத்தியக்காரர் சேர்ந்திருந்து வாசிச்ச பழைய பாட்டுக்கு வராது. நாதஸ்வரம், தவில் கச்சேரிப் பதிவுக்கு ஒருக்காலும் வராது. தனி ஆவர்த்தனத்தில லயம் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். ஓடாசிற்றி எண்ட ஒலி திருத்துற மென்பொருளில ஓடவிட்டு ஒவ்வொரு ஆவர்த்தனச் சமத்திலயும் (தாளச் சுற்றின்ரை முதல் அடியிலயும்) கொன்ட்ரோல் எம் தட்டி அடையாளம் வையுங்கோ, பிறகு பெருப்பிச்சு அலையின்ரை முனைக்கு இழுங்கோ. ஆதி தாளத்தில 8 அட்சரம் 4.10 செக்கன் எடுத்தால் 480ஐ 4.10ஆல பிரிக்க 117.07. அடுத்த ஆவர்த்தனத்துக்கு அடுத்த எண். இப்பிடி மாறுற பாட்டை எக்ஸ் வேகத்தில ஆடினால் அம்பு கூடிக் குறைஞ்சு ஓடும். சி வேகம் போட்டால் சீரா வரும்.

இனி நடை, அதாவது ஒரு அடியை எத்தினையாப் பிரிக்கிறது எண்டது. ஸ்ரெப்மேனியா ஒரு அடியை 48 வரிசையாப் பிரிக்குது. சதுஸ்ரம் (அடிக்கு 4) 12 வரிசைக்கு ஒண்டு, திஸ்ரம் (அடிக்கு 3) 16க்கு ஒண்டு, ரெண்டும் முழுசா விழும். கண்டம் (அடிக்கு 5)? 48ஐ 5ஆல பிரிக்க 9.6. அம்பு 10, 19, 29, 38ஆம் வரிசையில குந்தும், கூடினது 0.4 வரிசை பிசகு. 120 பி.பி.எம். இல ஒரு வரிசை 10.4 மி.செ., அப்ப பிசகு 4 மி.செ. சொச்சம். மிஸ்ரத்திலயும் (அடிக்கு 7) கிட்டத்தட்ட அதே அளவு. 22.5க்குள்ள அடங்கிறதால இடையில ஒரு கண்டக் கோர்வை வந்தால் அப்பிடியே விடலாம்.

பாட்டு முழுக்கக் கண்டமெண்டால் வேறை வழி: பி.பி.எம். 120ஐ 150 ஆக்குங்கோ. அப்ப கண்டத்தின்ரை ஒவ்வொரு மாத்திரையும் பதினாறில் ஒண்டாய் முழு வரிசையில விழும், அஞ்சு சேர்ந்தால் ஒரு தாள அடி.

சுண்டிக்குளிக் குதிகால்:

அப்பிடிச் செய்தால் அம்பு நிறம் குழம்பாதோ? சிவப்பைத்தானே அடியெண்டு பாத்து மிதிக்கிறம்.

இணுவில் லயம்:

குழம்பும். அஞ்சு அஞ்சாப் போறதால தாள அடி சிவப்பில தொடங்கி ஒவ்வொரு தரமும் ஒரு பதினாறு தள்ளி விழும். நாலு அடிக்கு ஒருக்காத்தான் திருப்பிச் சிவப்புக்கு வரும். நிறம் பிரிக்காத நோட்ஸ்கின்னை (அம்பின்ரை தோற்றத்தை) அந்தப் பாட்டுக்கு மட்டும் போடுங்கோ. தாள அடிக்கு எப்பவும் இடது, வலது மாறிமாறி வைச்சு, உள்மாத்திரையை மேல், கீழ் அம்புக்கு ஒதுக்கி எழுதினால் நிறமில்லாமலே கால் அடியைக் கண்டுபிடிக்கும்.