2ய² = 10ய: பாதி மதிப்பெண் ஏன் போனது?

கேள்வி:
பத்தாம் வகுப்பு மகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். நான் கணக்கை விட்டு இருபது வருடம் ஆகிறது. (போனில் தமிழ் கீபோர்டுதான். எக்ஸுக்குப் பதில் ‘ய’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.) 2ய² = 10ய. இரண்டு பக்கமும் 2ய-ஆல் வகுத்து ய = 5 என்று எழுதினாள். பாதி மதிப்பெண்தான். 5 போட்டுப் பார்த்தால் 50 = 50 சரியாகத்தானே வருகிறது?

பதில் 1:
5 சரிதான் அக்கா. 0 போட்டுப் பாருங்கள், அதுவும் சரியாக வரும். 2ய-ஆல் வகுத்ததுமே ‘ய பூஜ்யம் இல்லை’ என்று சொல்லாமல் சொல்லிவிட்டாள். ஒரு விடை தொலைந்தது. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து 2ய(ய − 5) = 0 என்று எழுதச் சொல்லுங்கள். பெருக்கற்பலன் பூஜ்யம் என்றால் ஏதாவது ஒரு காரணி பூஜ்யம். ஆகவே 0 அல்லது 5. என் டியூஷனில் வருடா வருடம் பாதிப் பேர் இதில்தான் விழுவார்கள்.

பதில் 2:
தலைகீழாகவும் நடக்கும். (ய² − 9)/(ய − 3) = 6. மேலும் கீழும் உள்ள ய − 3-ஐ அடித்தால் ய + 3 = 6, ய = 3. ஆனால் 3 போட்டால் பகுதி (கீழே இருக்கும் ய − 3) பூஜ்யம்! தீர்வே கிடையாது. பகுதியில் ய இருந்தால், எந்த எண் வரக்கூடாது என்று முதலிலேயே ஓரத்தில் குறித்துக்கொள்வது நல்லது.

பதில் 3:
பிள்ளையைத் திட்டாதீர்கள். கி.பி. 628-இல் கணித மேதை பிரம்மகுப்தரே பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்று தவறாக எழுதியவர்தான்.

கேட்டவர்:
திட்டவில்லை. வகுக்கச் சொன்னதே நான்தான்.