உதவி: ஜெர்மன் கடலோரத் தளங்களில் ரஷ்யக் கப்பல் பீரங்கி, மூன்று படங்களை அடையாளம் காண வேண்டும்

கேள்வி – நங்கூரம்

நண்பர்களே, வணக்கம். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்கள் கைப்பற்றிய ரஷ்யக் கடற்படைப் பீரங்கிகள் பற்றிய ஒரு படத்தொகுப்புக்கு விளக்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று படங்களில் நிற்கிறேன்.

படம் 1: ஒற்றைக் குழல், மிகப் பெரியது. கவசக் கூண்டின் மேல் வீடு போலத் தெரியக் கூரை ஓடுகளும் ஜன்னலும் வரைந்த மறைப்பு. பின்பக்கத்தில் "கர்ன்சி, 30.5 செ.மீ." என்று மட்டும் எழுதியிருக்கிறது. இது எந்தக் கப்பலின் பீரங்கி என்று தேடினால் ஒரு இடத்தில் "இம்பெராட்டர் மூன்றாம் அலெக்சாண்டர்", இன்னொரு இடத்தில் "வோல்யா", மற்றொன்றில் "ஜெனரல் அலெக்செயேவ்" என்று இருக்கிறது. எதை எழுதுவது?

படம் 2: நார்மண்டி, மோன்ட் ஃப்ளூரி தளம். "ரஷ்யக் கடற்படைப் பீரங்கி, 12.2 செ.மீ., கே 390/1 (ஆர்)" என்று குறிப்பு.

படம் 3: பின்லாந்து வளைகுடாவின் தென்கரையில் கிடக்கும் வெறும் குழல். தாங்கி இல்லை. பின்முனை மண்ணுக்குள் இருக்கிறது. வெளியே தெரியும் நீளம் சுமார் 6.8 மீட்டர். வாயில் சிமென்ட் பூசி அடைத்திருக்கிறார்கள். "ஜெர்மன் 15 செ.மீ." என்று உள்ளூரில் சொல்கிறார்களாம். அங்கே ஒருவர் இருக்கிறார், கேட்டால் அளந்து அனுப்புவார். என்ன அளக்கச் சொல்ல வேண்டும்?

பதில் 1 – குழல்வாய்

படம் 1-க்கு மட்டும் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் பார்க்கட்டும்.

மூன்று பெயரும் ஒரே கப்பல்தான். கருங்கடல் கடற்படைக்காக நிகோலாயெவில் கட்டிய போர்க்கப்பல். 1917 புரட்சிக்குப் பின் "வோல்யா". போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெள்ளைப்படை கையில் "ஜெனரல் அலெக்செயேவ்". 1920 கடைசியில் வெள்ளைப்படைத் தளபதி ரேங்கலின் கப்பல்களோடு துனிசியாவின் பிசெர்டாவுக்குப் போய், அங்கேயே பிரெஞ்சுக் காவலில் நின்று, 1930-களில் உடைக்கப்பட்டது. அதன் 12 முதன்மைக் குழல்களையும் பிரான்ஸ் பத்திரமாக வைத்திருந்தது.

1940 தொடக்கத்தில், பின்லாந்து சோவியத்தோடு போரிட்டுக்கொண்டிருந்தபோது, அந்த 12 குழல்களையும் பின்லாந்துக்குக் கொடுக்க பிரான்ஸ் ஒப்புக்கொண்டது. ஜூலியட், கார்ல்-எரிக், நீனா என்று மூன்று சரக்குக் கப்பல்கள், ஒவ்வொன்றிலும் நான்கு. முதல் இரண்டும் போய்ச் சேர்ந்தன. நீனா ஏப்ரல் 1940-ல் நார்வேயின் பெர்கனில் நிற்கும்போது ஜெர்மானியர் உள்ளே வந்துவிட்டார்கள். அந்த நான்கு குழல்கள்தான் ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில் க்ரூப் ஆயுத ஆலைக்குப் போய், புதிய ஒற்றைத் தாங்கிகளில் ஏறி, ஆங்கிலக் கால்வாயில் உள்ள கர்ன்சித் தீவில் மிருஸ் தளமாக நின்றன. முதலில் அந்தத் தளத்தின் பெயரே "நீனா". 1942-ல் சுடத் தயாரானது.

ஆகவே குறிப்பில் இப்படி எழுதுங்கள் (52 காலிபர் என்றால் குழலின் நீளம் துளை விட்டத்தைப் போல 52 மடங்கு): "305 மி.மீ., 52 காலிபர், ஒபுகோவ் ஆலை. முதலில் இம்பெராட்டர் மூன்றாம் அலெக்சாண்டர் கப்பலில். ஜெர்மன் பெயர் 30.5 செ.மீ. கே 14 (ஆர்)." பின்னால் வந்த இரண்டு பெயரையும் அடைப்புக்குறியில் சேர்த்தால் வாசகர் குழம்ப மாட்டார்.

ஆனால் படத்தின் பின்னால் "கர்ன்சி" என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். மிருஸ் என்று சொல்லி வேறு இடப் படங்கள் நிறைய சுற்றுகின்றன. குழலை எண்ணினாலே பாதி முடிந்துவிடும். ஒரே கூண்டில் மூன்று குழல் என்றால் அது மிருஸ் அல்ல. இரண்டு என்றால் செவஸ்தபோலின் 30, 35-ஆம் தளங்களாகவோ ஹெல்சிங்கி பக்கத்துக் குய்வசாரித் தீவாகவோ இருக்கலாம். அவையும் இதே வகை 305 குழல்கள்தான், ஆனால் ஜெர்மானியர் மறுபடி அமைத்தவை அல்ல. மிருஸில் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒற்றைக் குழல், திறந்த காங்கிரீட் பள்ளத்தின் நடுவே, முழு வட்டமும் திரும்பும் கவசக் கூண்டு. வீடு போன்ற மறைப்பு மிருஸுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

பதில் 2 – வெர்னியர்

அதோடு ஒன்று சேர்த்துக்கணும். ஒற்றைக் குழல், 30.5 செ.மீ. என்று இன்னொரு தளமும் இருக்கு: பிரான்சில் பூலோன் பக்கம் லா ட்ரெசோரியில் இருந்த ஃப்ரீட்ரிஷ் ஆகஸ்ட் தளம். அங்கே மூன்று பீரங்கி, ஆனா அவை ஜெர்மனியின் சொந்தக் கப்பல் பீரங்கி, எஸ்கே எல்/50 (50 காலிபர் நீளம்). காலிபர் (துளை விட்டம்) அதேதான், அதனாலதான் படங்கள் மாறிப்போகுது.

பிரிச்சுப் பார்க்க மூணு வழி:

பிரீச், அதாவது குழலின் பின்முனைப் பூட்டு. ஜெர்மன் கப்பல் பீரங்கிக்குப் பக்கவாட்டில் வழுக்கி ஓடும் ஆப்பு. பின்னால இருந்து பார்த்தா சதுரமா ஒரு பெரிய கட்டி தெரியும். ரஷ்யக் குழலுக்குத் திருகுப் பூட்டு, வட்டமா இருக்கும், கீல்ல திறந்து ஒதுங்கும். பின்பக்கம் தெரியுற படம் ஒண்ணு கிடைச்சா வேற எதுவும் வேண்டாம்.

நீளம். ரஷ்யக் கணக்கிலயும் ஜெர்மன் கணக்கிலயும் "52", "50" என்பது வாயிலிருந்து பின்முகம் வரை மொத்தக் குழல் நீளம். 52 × 304.8 = 15.85 மீட்டர். 50 × 305 = 15.25 மீட்டர். வெறும் 60 செ.மீ. வித்தியாசம், படத்துல கண்ணால் பிடிக்க முடியாது. பிரிட்டிஷ்காரங்க குழலின் உள்துளையை மட்டும் எண்ணுவாங்க. அந்த அட்டவணையோட இதை ஒப்பிட்டா கணக்கு தப்பாத்தான் வரும்.

கூரை. லா ட்ரெசோரியில் தலைக்கு மேல் காங்கிரீட், முன்னால் மட்டும் வாய். மேலே வானம் தெரிஞ்சா அது லா ட்ரெசோரி இல்ல.

பதில் 3 – கரைக்காவல்

படம் 2: அந்தக் குறிப்பில் "கடற்படை" என்ற சொல்லை உடனே எடுத்துவிடுங்கள். கே 390/1 (ஆர்) என்பது சோவியத் தரைப்படையின் 122 மி.மீ. ஏ-19, 1931 மாதிரி. சக்கரம் வைத்து இழுத்துப் போகும் களப் பீரங்கி. பின்னால் விரியும் இரண்டு கால்கள், சுமார் 25 கிலோ குண்டு, 20 கி.மீ. பக்கம் வீச்சு. கப்பலோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் கிடையாது.

ஜெர்மானியர் மேற்கு ஐரோப்பியக் கரையில் கட்டிய அட்லாண்டிக் சுவர் நெடுக இந்தத் தவறு இருக்கிறது. கடலைப் பார்த்து நிற்கிறது, பெயரில் (ஆர்) இருக்கிறது, எனவே "ரஷ்யக் கடற்படைப் பீரங்கி" என்று எழுதிவிடுகிறார்கள். (ஆர்) என்றால் ரஷ்யாவிடமிருந்து வந்தது என்று மட்டும் பொருள். கடற்படையா தரைப்படையா என்று அது சொல்லாது. 390, 396, 433 போன்ற மூன்று இலக்க எண்கள் பிற நாட்டு ஆயுதங்களுக்கு ஜெர்மன் தரைப்படை போட்ட பட்டியல் எண்கள். 390/1 ஏ-19, 396 எம்-30 ஹவிட்சர் (குண்டை உயர வளைத்து வீசும் பீரங்கி), 433/1 எம்எல்-20. மூன்றுமே தரைப்படைச் சரக்கு. அந்த எண் வரிசை வந்தாலே முதலில் களப் பீரங்கி என்று வைத்துக்கொண்டு தேடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: மேலே சொன்ன திருகுப் பூட்டு விதியை இங்கே கொண்டுவராதீர்கள். ஏ-19-க்கும் திருகுப் பூட்டுதான். அந்த விதி ஜெர்மன் குழலையும் ரஷ்யக் குழலையும் பிரிக்கும். ரஷ்யக் கடற்படையையும் ரஷ்யத் தரைப்படையையும் பிரிக்காது. அதற்குத் தாங்கியைப் பாருங்கள். தரையில் போல்ட் போட்டு இறுக்கிய பீடமா, சக்கர வண்டியா? படத்தில் சக்கரம் மறைந்திருந்தால் காங்கிரீட்டைப் பாருங்கள். பீடம் வைத்த பீரங்கிக்குத் தரையில் வட்டமாகப் போல்ட் வரிசை இருக்கும். வண்டிப் பீரங்கிக்குக் கால்களை விரிக்கத் தட்டையான, அகலமான தளம் இருக்கும்.

நங்கூரம்

படம் 2-ல் சக்கரத்தின் விளிம்பு தெரிகிறது. சரி, களப் பீரங்கி என்று மாற்றிவிட்டேன். படம் 1-ல் பின்பக்கம் தெரியவில்லை, ஆனால் மேலே வானம், ஒற்றைக் குழல், பள்ளம். மூன்றாவதைச் சொல்லுங்கள், அங்கிருப்பவர் நாளை போகிறார்.

பதில் 4 – வெர்னியர்

முதல்ல ஒரு விஷயம். வாயில் இருக்கும் சிமென்டை உளியால் தட்ட வேண்டாம்னு அவர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. உள்ளே குண்டு சிக்கியிருந்த குழல்களையும் இப்படி அடைச்சு விட்டிருக்கலாம். அது உள்ளூர் வெடிபொருள் அதிகாரிகள் வேலை.

"15 செ.மீ." என்பது ஏன் சந்தேகம்னா, ஏறக்குறைய ஒரே நீளத்துக்கு மூணு குழல் வருது:

ஜெர்மன் 15 செ.மீ. எஸ்கே எல்/45: உண்மையான துளை 149.1 மி.மீ., நீளம் 6.71 மீ.
ரஷ்ய 6 அங்குலம், 45 காலிபர், கனே வகை: 152.4 மி.மீ., 6.86 மீ.
ரஷ்ய 130 மி.மீ., 55 காலிபர், 1913 மாதிரி: 130 மி.மீ., 7.15 மீ.

வெளியே தெரிவது 6.8, பின்முனை இன்னும் மண்ணில் இருக்கு. அப்போ எல்/45 ஏற்கெனவே விழுந்துடுச்சு. மீதி ரெண்டுக்கு நடுவுல முடிவு பண்ணணும்.

அளக்க வேண்டியது:

மண்ணைக் கையால் ஒதுக்கிப் பின்முகம் தெரியற மாதிரி செய்யணும். டேப்பைக் குழலின் மேல் போடாம, குழலுக்கு இணையா தரையில் நேரா இழுத்து அளக்கணும். குழல் முன்னால் மெலியுறதால மேலே வளைச்சு அளந்தா கூடுதலா வரும்.

சிமென்டுக்கும் வாய்க்கும் நடுவுல இடைவெளி இருந்தா காலிப்பரை உள்ளே விட்டு மேட்டிலிருந்து எதிர் மேட்டுக்கு அளக்கணும். குழலுக்குள் சுருளாக ஓடும் பள்ளம்தான் காடி, இரண்டு காடிக்கு நடுவுல இருப்பது மேடு. காலிபர் என்பது மேட்டுக்கு மேடு. காடிக்குக் காடி அளந்தா இரண்டு பக்கக் காடி ஆழமும் சேர்ந்து வரும். 149.1 உள்ள ஜெர்மன் குழல் 152 மாதிரி தெரிய அதுவே போதும். மூணு திசையில் எடுத்து, மூணையும் எழுதி அனுப்பச் சொல்லுங்க, சராசரி வேண்டாம். பின்பக்கம் வெடிமருந்து அறைக்குப் பக்கத்துல அளக்கக் கூடாது, தேய்மானம் அங்கேதான் அதிகம்.

பின்முகத்தின் துளை: பக்கவாட்டில் குறுக்கே ஊடுருவி ஓடும் பொந்தா, அல்லது உள்ளே திருகுமரை வெட்டிய வட்டமா?

பதில் 5 – குழல்வாய்

பின்முகத்தில் எழுத்து இருக்கும், அதைத் தேய்த்து எடுக்க வேண்டாம். கம்பி பிரஷ், கிரைண்டர் இரண்டும் ஆழமில்லாத வெட்டெழுத்தை ஒரே நாளில் கொன்றுவிடும். உலர்ந்த நைலான் பிரஷால் தூசியை எடுத்து, சாக்கட்டியைப் படுக்கவைத்து மேலாக உரசினால் வெட்டு கருப்பாகவும் மேற்பரப்பு வெள்ளையாகவும் தெரியும். டார்ச்சை முகத்தோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து, நான்கு பக்கமிருந்தும் நான்கு படம்.

எதைத் தேடுவது: ஒபுகோவ் ஆலையின் பெயர் அல்லது அதன் முதலெழுத்துகள், குழல் எண், வருடம், எடை. 1918-க்கு முந்தைய ரஷ்ய எழுத்துமுறையில் மெய்யெழுத்தில் முடியும் சொற்களுக்குப் பின்னால் ஒலிக்காத ஒரு குறியெழுத்து நிற்கும். அது இருந்தால் ஜார் காலத்துக் குழல். சோவியத் காலத்துக் குழலில் இருக்காது. எடை பூட் என்ற பழைய ரஷ்ய அளவில் இருக்கும். 1 பூட் = 16.38 கிலோ. 305 மி.மீ. குழல் 50 டன்னுக்கு மேல், அதாவது 3,000 பூட் அளவைத் தாண்டும். 130 மி.மீ. குழல் 5 டன்னுக்குச் சற்று மேல், அதாவது 310 பூட் பக்கம். காலிபரை அளக்கவே முடியாத நிலையில்கூட இந்த ஒரு எண் வழக்கைத் தீர்த்துவிடும். எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான சான்று இல்லை, யாரும் படிக்காமல் விடுவதும் இதைத்தான்.

நங்கூரம்

விவரம் வந்துவிட்டது. பின்முகம் வரை 7.14 மீ. துளை வட்டம், உள்ளே திருகுமரை, சில பகுதிகள் வெட்டி விடப்பட்டிருக்கின்றன. வாயில் சிமென்டின் ஓரம் விலகியிருந்த இடத்தில் 130.2, 130.4, 130.2. பின்முகத்தில் சாக்கட்டி போட்டதும் வருடம் 1914, குழல் எண் ஒன்று, பிறகு 314 என்ற எண்ணும் ஒரு சொல்லும். சொற்களின் கடைசியில் நீங்கள் சொன்ன குறியெழுத்து இருக்கிறது.

அப்படியானால் "ஜெர்மானியர் மறுபடி பயன்படுத்திய 130 மி.மீ. ரஷ்யக் கடற்படைப் பீரங்கி" என்று எழுதலாமா?

பதில் 6 – கரைக்காவல்

முதல் பாதி சரி. 314 பூட் என்றால் ஏறக்குறைய 5.14 டன். நீளம், துளை, எடை மூன்றும் 130/55 என்றே சொல்கின்றன. சோவியத் பி-13 வகையும் 130 மி.மீ. என்றாலும் அது 50 காலிபர், 6.5 மீட்டர். 1914-ல் அது இருக்கவும் இல்லை.

"ஜெர்மானியர்" என்பதைக் குழல் சொல்லவில்லை. 130/55 ஜார் கடற்படையிடமிருந்து சோவியத், பின்லாந்து என்று பல கைகளுக்குப் போன பீரங்கி. வளைகுடாக் கரையில் ஒன்று கிடப்பதால் அதை ஜெர்மானியர் சுட்டார்கள் என்று ஆகாது. மிருஸை உறுதியாகச் சொல்ல முடிவது பிசெர்டாவிலிருந்து கர்ன்சி வரை ஒவ்வொரு கையும் தெரிவதால். இங்கே குழலுக்கும் கரைக்கும் இடையில் ஒரு கைகூடத் தெரியவில்லை.

சான்று வேண்டுமானால் இரண்டு இடத்தில் பாருங்கள். ஒன்று, பிற்காலத்தில் அடித்த முத்திரை: கழுகும் அதன் கீழ் "எம்" எழுத்தும் இருந்தால் ஜெர்மன் கடற்படை ஏற்றுக்கொண்டது. பெரும்பாலும் குழலை விடத் தாங்கி, பூட்டு, குறிபார்க்கும் கருவி போன்ற உறுப்புகளில்தான் இருக்கும். இரண்டு, அருகில் பழைய பீரங்கி மேடை இருந்தால் போல்ட் வட்டம்: எத்தனை போல்ட், எதிரெதிர் போல்ட்டுகளின் மையங்களுக்கு இடையே எவ்வளவு. அது 130/55-ன் பீடத்துக்குப் பொருந்தினால் பீரங்கி அங்கேதான் நின்றது என்று சொல்லலாம். அப்போதும் யார் நிறுத்தினார்கள் என்பதற்கு அந்தக் காங்கிரீட்டின் காலமும் கட்டிய முறையும் வேண்டும்.

இப்போதைக்குக் குறிப்பு: "130 மி.மீ., 55 காலிபர், 1913 மாதிரி ரஷ்யக் கடற்படைக் குழல், 1914-ல் செய்தது." அதோடு நிறுத்துங்கள். "ஜெர்மன் 15 செ.மீ." என்று உள்ளூரில் வழங்கும் பெயரையும் ஒரு வரியில் சேர்த்து, அது ஏன் பொருந்தாது என்று அளவோடு எழுதினால் அடுத்து தேடுபவருக்கு உதவும்.

பதில் 7 – வெர்னியர்

குழல் எண்ணை முழுசா, எழுத்து உள்பட, குறிப்பிலேயே போடுங்க. எந்தக் கப்பலுக்கு எந்த எண் போச்சுன்னு பட்டியல் வெச்சிருக்கிறவங்க அதைப் பார்த்துத்தான் பொருத்துவாங்க. ஒரு எண் அழிஞ்சிருந்தா ஊகிச்சு நிரப்பாம, அந்த இடத்துல ஒரு கோடு போட்டுடுங்க. பூட்டின் கதவு எங்கயாவது தனியா கிடந்தா அதிலும் எண் இருக்கும், ஆனா அது இந்தக் குழலோடதுதானான்னு எண் ஒத்துப் பார்த்த பிறகு மட்டும் சேருங்க. பழுது பார்க்கும்போது பூட்டை மாத்திப் போடுறது வழக்கம்.