அம்மாவைத் தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒன்று எழுதுங்கள்

இளைய மகள்:

அம்மாவுக்குக் கருமாதி முடிந்து பத்து நாளாகிறது. குடியாத்தத்தில் அவளோடு உட்கார்ந்து பீடி சுற்றியவர்கள், அக்கம்பக்கத்தார், நினைவில் இருப்பதை எழுதுங்கள். நான் ஆரம்பிக்கிறேன்.

இரண்டாம் வாய்ப்பாட்டுக்கு முன்னாலேயே எனக்கு இருபத்தைந்தாம் வாய்ப்பாடு தெரியும். கட்டுக்கு 25 பீடி, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். எண்ணிக் கட்டுவது என் வேலை. ராத்திரியே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பாள். விடியற்காலையில் தகட்டை வைத்துக் கத்தரியால் இலை வெட்டும் சத்தத்தில்தான் நாங்கள் கண்விழிப்போம். முறம் மடிக்கு வந்துவிட்டால் பேச்சும் நிற்காது, கையும் நிற்காது. இலையில் தூளை வைத்து ஒரு உருட்டு, கட்டைவிரல் நகத்தால் வாயை மடக்கி, நூலால் ஒரு சுற்று. அந்த ஒரு நகத்தை மட்டும் வெட்டவே மாட்டாள்.

ஒரு நாள் பீடி வாங்குகிற இடத்தில் மூன்று கட்டைக் கழிவு என்று ஒதுக்கினார்கள். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது, திருப்பியும் தரமாட்டார்கள். அம்மா அந்தக் கட்டுகளைப் பிரித்து எழுபத்தைந்து பீடியையும் மேஜைமேல் வரிசையாக அடுக்கினாள். "இதுல எது சொத்தைன்னு காட்டு சாமி" என்றாள். குரலை உயர்த்தவில்லை. பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் யாரும் அசையவில்லை. மூன்று கட்டும் கணக்கில் ஏறியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. மேஜை என் மூக்கு உயரம் இருந்தது.

பேரன்:

ஆயா என்றால் எனக்குக் கேவுரு களி. நொய் வெந்ததும் மாவைக் கொட்டி, துடுப்பால் நடுவில் ஒரு குழி போட்டு மூடிவிடுவாள். அப்புறம் சட்டியைக் காலால் அணைத்துக்கொண்டு கிண்டுகிற கிண்டில் வளையல் எல்லாம் முழங்கைக்கு ஏறிவிடும். முள்ளு கத்திரிக்காய் போட்ட காரக்குழம்பு ஊற்றி, "துன்னு கண்ணு, ஆறிப்போச்சுனா இறங்காது" என்பாள்.

ரேஷன் கடைக்கு அவளைக் கூட்டிப்போன ஒரு நாளை மறக்க முடியவில்லை. மெஷினில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தோம். ரேகையே விழவில்லை. விரல் நுனிகள் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தன. வீட்டுக்கு வந்து அந்தக் கையை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

எதிர்வீட்டுத் தோழி (சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்):

நானும் அவளும் ஒரே திண்ணையில் முப்பது வருடத்துக்கு மேல் சுற்றியிருக்கிறோம். நோன்பு மாதத்தில் மத்தியானத்துக்குமேல் எனக்குக் கை ஓடாது. சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் என் கணக்கு மட்டும் குறையாது. நான் தொழப் போகிற நேரத்தில் தன் முறத்திலிருந்து நாலு கட்டு, ஐந்து கட்டு என் பக்கம் தள்ளியிருக்கிறாள். பல வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். கேட்டதற்கு, "நீ எண்ணத் தெரியாதவ, போ" என்று திட்டினாள்.

2021 நவம்பரில் கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்ததே, அன்றைக்கு அவள் வீட்டுக்குள் முட்டிவரை தண்ணீர். மோட்டார் பம்பு, துணிமணி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நனையாமல் தலைமேல் வைத்து எங்கள் மாடிக்கு அவள் கொண்டுவந்தது மகள்களின் சர்டிபிகேட் பையை.

வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் திருவிழாவில் அம்மனின் சிரசு ஊர்வலமாக வரும்போது அவள் எங்கள் வாசலில்தான் நிற்பாள், மேடு என்பதால் கூட்டத்துக்குமேல் தெரியும் என்று. சிரசு தாண்டும்போது என் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வாள்.

அவள் முறமும் கத்தரியும் என்னிடம்தான் இருக்கின்றன. பிள்ளைகள் கேட்டால் தருகிறேன். அவசரம் இல்லை என்றால் கொஞ்ச நாள் என்னிடமே இருக்கட்டும்.

இளைய மகள்:

உங்களிடமே இருக்கட்டும் அத்தை. சிரசுக்கு வருகிறேன். உங்கள் வாசலில் நிற்கிறேன்.