"டி ஆன்சாவில் படிக்கிறான்" என்று சொல்ல வாய் வராத நாள்

ப்ரீமான்ட் அம்மா:
கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூசி) பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ வளாகங்கள் மூன்றுமே கைவிட்டபோது, மகன் தானாகவே முடிவெடுத்து கூப்பர்டினோவில் டி ஆன்சா என்ற இரண்டு வருட சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தான். அந்த வருடப் பொங்கல் விழாவில் ஒருவர், "பையன் எந்த காலேஜ்?" என்றார். "இன்னும் முடிவு பண்ணலைங்க" என்றேன். அவன் சேர்ந்து ஒரு குவார்ட்டரே (படிப்புப் பருவம்) முடிந்திருந்தது! திரும்பிப் பார்த்தால், இரண்டு தட்டோடு பின்னால் நிற்கிறான். "வடை தீர்ந்துடுச்சும்மா" என்று மட்டும் சொல்லி என் தட்டை நீட்டினான். அப்புறம் யூசி டேவிஸ் வளாகத்துக்கு மாறி, படிப்பை முடித்து, இப்போது வேலையிலும் இருக்கிறான். அந்தத் தட்டை வாங்கிய கை இன்னும் கூசுகிறது.

சன்னிவேல் தோழி:
அக்கா, நான் கணவரின் வேலை விசாவோடு ஒட்டிய எச்4 விசாவில் வந்து நான்கு வருடம் வீட்டிலேயே இருந்தவள். அப்புறம் டி ஆன்சாவில் சேர்ந்த மாலை நேர அக்கவுன்டிங் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் கார் பட்டறை நடத்துபவர். கடைக் கணக்கைத் தானே எழுதப் பழக வந்திருந்தார், நகமெல்லாம் கிரீஸ். முதல் தேர்வில் என் கால்குலேட்டர் நின்றுபோனது. தன்னுடையதை என் பக்கம் தள்ளிவிட்டு, அவர் கையாலேயே கணக்குப் போட்டார். அடுத்த வாரத்திலிருந்து அவர் வரவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியாது.

சான் ஹோசே அப்பா:
ப்ரீமான்ட் அம்மா சொல்வதைப் படித்துவிட்டு, டேவிஸ் தானாகக் கிடைக்கும் என்று யாரும் இருந்துவிட வேண்டாம். என் மகள் எடுத்த ஒரு கணித வகுப்பு மாறிப்போகும் இடத்தில் செல்லாது என்று தெரிந்த அன்று, கார் பார்க்கிங்கிலேயே அழுதாள். அதனால் சொல்கிறேன். எந்த வகுப்பு எங்கே செல்லும் என்று அசிஸ்ட் தளத்தில் முதல் குவார்ட்டரிலேயே பாருங்கள். இடத்துக்கு உறுதி தரும் டேக் ஒப்பந்தம் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் ஆறுக்கும்தான். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ அதில் இல்லை. ஆறிலும்கூட கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்ற பிரிவுகளைச் சில வளாகங்கள் சேர்ப்பதில்லை. டேக்குக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் செப்டம்பர் 30. எச்4 தோழிகளே, கலிபோர்னியாவில் ஒரு வருடம் இருந்ததற்கு வாடகை ஒப்பந்தம், வரித்தாள் எல்லாம் எடுத்து வையுங்கள். உள்ளூர்வாசி என்று ஏற்றுக்கொண்டால் டி ஆன்சாவில் கட்டணம் யூனிட்டுக்கு (பாட அளவு) 31 டாலர்தான், இல்லாவிட்டால் பல மடங்கு.

மில்பிடாஸ் வாசி:
சார், யூசிக்கு மாறிப் போவதற்கு மட்டுமா அந்தக் கல்லூரிகள்? டி ஆன்சாவில் கார் மெக்கானிக் படிப்பு இருக்கிறது. பக்கத்துச் சமுதாயக் கல்லூரியான ஃபுட்ஹில்லில் பல் சுகாதாரப் படிப்பு இருக்கிறது. இந்த சிலிக்கான் பள்ளத்தாக்கு கம்ப்யூட்டர்காரர்களால் மட்டும் ஓடவில்லை. போன மாதம் பல் சுத்தம் செய்யப் போயிருந்தேன். சுத்தம் செய்த பெண் பேச்சுவாக்கில் என் மகள் எங்கே படிக்கிறாள் என்று கேட்டாள். பெரிய பெயர் ஒன்றைப் பெருமையாகச் சொன்னேன். "நான் ஃபுட்ஹில்" என்றாள், அதே பெருமையோடு. மேற்கொண்டு கேட்க நினைத்தேன், அதற்குள் கருவியை வாயில் வைத்துவிட்டாள்.