திருவிதாங்கூரில் ஏது பனிமலை?

மலைசுற்றி:
நேற்று வேறொரு இழையில் ரீல்பெட்டி தீர்ப்பு வழங்கியிருந்தார். ஆன்மிக நாவலைப் படமாக எடுத்தால் ஓடாதாம், ஜனங்களுக்குப் பொறுமை கிடையாதாம், 1984இல் வந்த 'தி ரேசர்ஸ் எட்ஜ்' படுத்ததே அத்தாட்சியாம். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பொறுமை இல்லாதது ஜனங்களுக்கா, எடுத்தவர்களுக்கா?

ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் 1938இல் திருவண்ணாமலைக்கு வந்தார். தரிசனத்துக்கு முன்பே மயங்கி விழுந்தார். ரமணரே அவர் படுத்திருந்த அறைக்கு வந்து பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார். 1944இல் அவருடைய 'தி ரேசர்ஸ் எட்ஜ்' நாவல் வந்தது. அதில் நாயகன் லாரி போய்ச் சேரும் குரு ஸ்ரீ கணேஷாவின் ஆசிரமம் இருப்பது திருவிதாங்கூரில். காயலோரம், சுற்றிலும் தென்னையும் கமுகும். படத்தில்? லடாக் பக்கத்து மலை, லாமாக்கள், பனிக்கு நடுவே ஒரு குடிசை. விறகு தீர்ந்துபோய், லாரி குளிருக்குப் புத்தகத்தைத் தாள் தாளாக எரிக்கிறார். ஞானம் வந்துவிடுகிறது. கமுகந்தோப்பில் எவனுக்கய்யா குளிர்காய வேண்டும்?

திருவிதாங்கூரில் ஏது பனி? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், போதும்.

ரீல்பெட்டி:
நான் ரசிகர்களைப் பற்றிப் பேசினேன், நீங்கள் வானிலை அறிக்கை வாசிக்கிறீர்கள். 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' என்ற சிரிப்புப் படத்தில் நடிக்கிறேன், பதிலுக்கு இதற்குக் காசு போடுங்கள் என்று பேரம் பேசித்தான், லாரியாக நடித்த பில் முர்ரே இந்தப் படத்தையே எடுக்க முடிந்தது. அது ஜூனில் வந்து சக்கைப்போடு போட்டது. இது அக்டோபரில் வந்தது. சிரிக்க வந்தவன் முன்னால் அதே ஆள் மலையில் மௌனமாக உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? எழுந்து போவான். போனான். முர்ரேயும் வெறுத்துப்போய்ப் பாரிஸுக்குப் படிக்கப் போய்விட்டார். இதில் பனி எங்கே வந்தது?

அப்புறம், நாவலிலேயே பனி இருக்கிறது. பிறந்தநாளுக்கு லாரி மலைமேல் வனத்துறை பங்களாவுக்குப் போகிறார். விடியற்காலை, மர உச்சிகளில் பனி சிக்கிக்கொண்டு நிற்கிறது, கீழே ஏரி. புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.

மலைசுற்றி:
அது மூடுபனி ஐயா, மூடுபனி! ஆங்கிலத்தில் மிஸ்ட். மார்கழியில் கோலம் போடுகிற பெண் பனியில் நனைகிறாள் என்றால் பனிச்சறுக்கு விளையாடுகிறாள் என்று அர்த்தமா? முன்பனி, பின்பனி என்று ஆறு பருவத்தில் இரண்டைப் பனிக்கு ஒதுக்கிய மொழி இது. அதில் எந்தப் பருவத்தில் லாமா வந்தார்?

கோடிவீடு:
ஆன்மிக நாவல் என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்துகொண்டு பேசலாமா? தலைப்பு கடோபநிஷதத்திலிருந்து வந்தது, சரி. ஆனால் உள்ளே பாதிக்கு மேல் பகட்டுக்கார எலியட்டின் பாரிஸ் விருந்துகளும், லாரியை வேண்டாம் என்று சொன்ன இஸபெல்லின் பொறாமையும்தான். 1946இல் வந்த முதல் படத்தில் டைரோன் பவர்தான் லாரி. ஆஸ்கர் வாங்கியது அவரில்லை, குடித்துச் சீரழியும் சோஃபியாக நடித்த ஆன் பாக்ஸ்டர். ஜனங்களுக்கு எது ஒட்டியது என்று அதிலேயே தெரியவில்லையா?

மலைசுற்றி:
பொருள்விளக்கம் அப்புறம். முதலில் பனி.

வெண்தாள்:
ஊரை மாற்றினால் படம் படுத்துவிடும் என்றால் 'கைடு'க்கு என்ன சொல்வீர்கள்? ஆர்.கே. நாராயணின் அந்த நாவல் நடக்கும் மால்குடி தென்னாட்டு ஊர். 1965இல் தேவ் ஆனந்த் அதை உதய்ப்பூர்ப் பக்கம் தூக்கிக்கொண்டு போனார். நாராயண் மனம் நொந்து அதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். படம் ஓடியதா இல்லையா?

மலைசுற்றி:
இந்திப் படம் ஓடியது. கூடவே அமெரிக்காவுக்கென்று எடுத்த ஆங்கிலப் படம் என்ன ஆனது? அதை வசதியாக விட்டுவிட்டீர்களே.

வெண்தாள்:
இரண்டுக்கும் ஊர் அதே ஊர்தானே! ஒன்று ஓடி இன்னொன்று ஓடவில்லை என்றால் காரணம் ஊர் இல்லை என்றுதானே அர்த்தம்? நீங்களே எனக்குச் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். இந்திப் படம் ஓடியதற்குப் பாட்டு ஒரு காரணம். கடைசியில் கொட்டுகிற மழை இன்னொரு காரணம்.

திண்ணைக்குரல்:
மழை நாவலிலும் உண்டு.

வெண்தாள்:
கிடையாது. மழைக்காக விரதம் இருந்து பட்டினியில் கண் இருட்டிய நாயகன் ராஜு, மலையில் மழை பெய்கிறது, காலடியில் ஏறி வருகிறது என்று சொல்லிச் சரிகிறான். அவ்வளவுதான். பெய்ததா, அவன் செத்தானா, நாராயண் வாயைத் திறக்கவில்லை. படத்தில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. ஜனங்களுக்கு அற்புதம் வேண்டும், கொடுத்தார்கள்.

திண்ணைக்குரல்:
மழை என்று ராஜு சொன்னான் இல்லையா? அப்புறம் என்ன, மழை உண்டு.

வெண்தாள்:
கடன்காரன் நாளைக்குத் தருகிறேன் என்று சொன்னால் உங்களுக்குப் பணம் வந்துவிட்டதா?

மலைசுற்றி:
மழைச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். இது பனிக்கான இழை.

மூணாறுமணி:
நான் படமும் பார்க்கவில்லை, நாவலும் படிக்கவில்லை. ஆனால் மூணாறு பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்தான் இருந்தது. குளிர்காலத்தில் சில நாள் காலையில் இங்கே புல்லெல்லாம் உப்பைத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். ஜீப்பின் கண்ணாடியைச் சுரண்டித்தான் வண்டியை எடுப்போம். ஏது பனி என்று கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

ரீல்பெட்டி:
மணி சாருக்கு மாலை போடுங்கள். மலைசுற்றி, இழையைப் பூட்டலாமா?

மலைசுற்றி:
அது உறைபனி. வெயில் வந்தால் எட்டு மணிக்குள் காணாமல் போய்விடும். நான் கேட்டது பனிமலை. தலைப்பைப் படியுங்கள். பனி, மூடுபனி, உறைபனி, பனிமலை, நான்கும் வேறு வேறு. ரீல்பெட்டி, போன வருடம் ரமணர் இழையில் நீங்கள் ஆண்டைத் தப்பாக எழுத, நான் திருத்தினேனே, அந்தக் காய்ச்சல் உங்களுக்கு இன்னும் இறங்கவில்லை.

ரீல்பெட்டி:
தட்டச்சுப் பிழையைப் பிடித்துக்கொண்டு நாற்பது பதில் போட்டவர் நீங்கள். அது கிடக்கட்டும், நேராக ஒரு கேள்வி. 1984 படத்தைக் கடைசி வரை பார்த்தீர்களா?

மலைசுற்றி:
தேவையான அளவு பார்த்தேன்.

ரீல்பெட்டி:
கடைசி வரை?

மலைசுற்றி:
புத்தகத்தை எரித்ததும் நிறுத்திவிட்டேன். ஆன்மிகம் தெரிந்த எவனும் நிறுத்தியிருப்பான்.

ரீல்பெட்டி:
கேட்டுக்கொள்ளுங்கள். ஜனங்களுக்குப் பொறுமை கிடையாது என்று நேற்று எழுதினேன். அதற்குத்தான் இத்தனை பதில்.

மலைசுற்றி:
என்னை நிறுத்த வைத்ததே பனிதான்! நான் சொல்வதும் அதுதானே? காயலும் தென்னையும் வந்திருந்தால் உட்கார்ந்து முழுக்கப் பார்த்திருப்பேன். வெள்ளைக்காரனுக்கு ஞானம் என்றால் இமயமலை. தெற்கே வெயிலில், கோவணத்தோடு ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தால் அவர்கள் கேமராவுக்குப் போதவில்லை. அந்தச் சும்மா இருப்பதைப் பார்த்துத்தான் மாம் எழுதினார். அதையல்லவா காட்ட வேண்டும்?

கோடிவீடு:
சும்மா இருப்பதை இரண்டு மணி நேரம் எப்படிக் காட்டுவது? நிஜமாகவே கேட்கிறேன். நாவலிலேயே மாம் அதைக் காட்டவில்லை. ஒரு ராத்திரி முழுக்க லாரியைப் பேசவிட்டுத்தான் சொல்கிறார்.

திண்ணைக்குரல்:
ஸ்ரீ கணேஷா ரமணர்தான் என்று மாம் எங்கே எழுதினார்? திருவண்ணாமலைக்காரர்கள் எல்லாவற்றுக்கும் பட்டா போடுகிறீர்கள்.

மலைசுற்றி:
மழை பெய்ததா என்றே தெரியாதவர் பட்டாவைப் பற்றிப் பேசுகிறார்.

திண்ணைக்குரல்:
பெய்தது. ராஜு சொன்னான்.

வெண்தாள்:
மறுபடியுமா?

மூணாறுமணி:
போன ஜனவரியில் எடுத்த படம் இருக்கிறது, புல்லெல்லாம் வெள்ளை. இங்கே எப்படி ஏற்றுவது என்று யாராவது சொல்லுங்கள்.

மலைசுற்றி:
எட்டு மணிக்குப் பிறகு எடுத்த படம் இருந்தால் மட்டும் போடுங்கள்.